பொத்திப் பொத்தி வளர்த்தால் பயம் போகுமா?

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணிக்குத் தடுப்பு போட்டுவிடுவார்கள். மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் நுழைய முடியாது. பிள்ளைகள் ஓடியாட ஊருக்குள் இதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. அங்கேயும் எட்டு வயதுப் பிள்ளையின் மணிக்கட்டை விடாமல் பிடித்தபடி நடக்கும் பெற்றோரைப் பார்க்கலாம். சுண்டல் வாங்கும்போது காசு கொடுப்பது அப்பா, "காரம் போடவா?" என்று கேட்டால் பதில் சொல்வது அம்மா. பிள்ளை வாய் திறப்பதேயில்லை.

இப்படிப் பொத்தி வளர்த்தால் பயம் போகாது. பயந்த ஒன்றைச் செய்து பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று பட்டறிந்தால்தான் மூளை அந்தப் பயத்தைத் தணிக்கக் கற்கும். நாம் குறுக்கே புகுந்தால் பயம் அப்போதைக்கு அடங்கும். ஆனால், ‘அம்மா இருந்ததால் தப்பித்தேன்’ என்பதே மனதில் பதியும். பிறவியிலேயே பயந்த சுபாவமுள்ள பிள்ளையைப் பெற்றோர் இன்னும் பொத்துவார்கள். பொத்தப் பொத்தப் பயமும் வளரும்.

இந்தச் சுழலை உடைக்க முடியும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழுவினர், பதற்றக் கோளாறுள்ள 7 முதல் 14 வயது வரையான 124 பிள்ளைகளை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவில் பிள்ளைகளுக்கே உளவியல் சிகிச்சை. மற்றதில் பெற்றோருக்கு மட்டும் 12 வாரப் பயிற்சி: "உனக்குப் பயமாக இருப்பது புரிகிறது, உன்னால் சமாளிக்க முடியும்" என்று தைரியம் சொல்லி, பிள்ளைக்காகத் தாங்கள் செய்துதருவதைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். 2020இல் ஆய்விதழில் வெளியான முடிவின்படி, இரு பிரிவுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே அளவு தேறியிருந்தார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு விட்டுவிடக் கூடாது. அண்ணா சாலை நெரிசலையும் கடல் அலையின் இழுப்பையும் சிறுபிள்ளையால் கணிக்க முடியாது. அங்கே நாம்தான் காவல். பாரதி பூங்காவில் சறுக்குமரம் ஏறுவதையும், சைக்கிள் பழகி முட்டியைச் சிராய்த்துக்கொள்வதையும் பிள்ளையே சமாளிக்கும்.

தெருமுனைக் கடையில் பால் பாக்கெட் வாங்கிவரச் சொல்லுங்கள். வீட்டுப்பாடத்தில் உள்ள தவறை ஆசிரியர் திருத்தட்டும். நம் மனம் பதறத்தான் செய்யும். அதைப் பிள்ளையிடம் காட்டாமல் பொறுத்துக்கொள்வதும் வளர்ப்புதான். பள்ளிக்கே போக மறுக்கும் அளவுக்கு, தூக்கம் கெடும் அளவுக்குப் பயம் முற்றியிருந்தால், ஜிப்மர் போன்ற மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டத் தயங்காதீர்கள்.