தானியங்கி சுக்கானுக்குத் தனி வயர் ஏன்?

புதுச்சேரி ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் இந்தியக் கடற்படையின் 'தாரிணி' பாய்மரப் படகில் உலகைச் சுற்றி, 2025 மே மாதம் கோவா திரும்பினர். படகில் இருந்தது அந்த இருவர் மட்டுமே. இப்படி ஆள் குறைந்த படகுகளில் ஒருவர் உறங்க வேண்டுமானால், திசை மாறாமல் படகைச் செலுத்த உதவுவது தானியங்கி சுக்கான்.

லுமுட், பங்கோர் கடலில் ஓடும் பாய்மரப் படகுகளுக்கும் இது பொருந்தும். காற்றுமானி, ஆழமானி, ஜிபிஎஸ் ஆகியவற்றை இணைக்கும் 'என்எம்இஏ 2000' வயர், தகவலோடு 12 வோல்ட் மின்சாரத்தையும் கொண்டு செல்கிறது. சிறு கருவிகளுக்கு அது போதும். ஆனால் சுக்கானைத் திருப்பும் மோட்டார், பெரிய அலையில் 10 ஆம்பியருக்கு மேலும் இழுக்கலாம். அதற்குப் பேட்டரியிலிருந்து தடித்த தனி வயரும் தனி பியூஸும் வேண்டும்.

விளக்கைப் போட்டபடி காரை ஸ்டார்ட் செய்தால் வெளிச்சம் மங்கும். படகிலும் அப்படித்தான். என்ஜினுக்கும் கருவிகளுக்கும் ஒரே பேட்டரி என்றால், ஸ்டார்ட் செய்யும் நொடியில் கருவிகள் அணைந்துவிடலாம். ஆகவே என்ஜினுக்குத் தனி பேட்டரி நல்லது.

கணக்கும் முக்கியம். 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரியில் பாதியை மட்டுமே செலவிடுவது நல்லது. சராசரி 4 ஆம்பியர் இழுத்தால் 12 மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். பிறகு சோலார் பலகையோ என்ஜினோ ஈடுகட்ட வேண்டும்.

கப்பல்கள் நெருக்கமாகச் செல்லும் மலாக்கா நீரிணையில், நள்ளிரவில் சுக்கான் நின்றுபோவது விளையாட்டல்ல. கரையிலேயே வயரைச் சோதிப்பது உயிரைக் காக்கும்.