அந்தப் பக்கம் இழுக்கிறார்களா?

குளச்சல் கரையில் கரமடி இழுப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வள்ளம் போய் வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வரும். கரையில் இரண்டு கூட்டம், இரண்டு வடம். ஒரு பக்கம் அசந்தால் வலை கோணிப்போகும். சின்ன வயதில் நானும் வடத்தில் தொங்குவேன். அப்பா சத்தம் போடுவார்: "மக்கா, உன் கயித்த மட்டும் பாக்காத. அந்தப் பக்கம் இழுக்கானுவளான்னும் பாத்துக்க."

இப்போது அதே வேலையை வீட்டு மாடியில் உட்கார்ந்து செய்கிறேன். டீபக்கரைச் சோதிப்பதுதான் என் பிழைப்பு. ஓடுகிற நிரலை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டும் கருவி அது. லினக்ஸ்காரர்களுக்கு ஜிடிபி பழக்கம். 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதியது.

நிரல் ஒற்றை ஆளாக ஓடும்வரை தொல்லையில்லை. இன்றைய நிரலுக்குள் பல த்ரெட்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. இரண்டு த்ரெட்கள் ஒரே எண்ணில் ஆளுக்கு 1 லட்சம் தடவை ஒன்று கூட்டுவதாக வையுங்கள். விடை 2 லட்சம் வரவேண்டும், பெரும்பாலும் குறையும். ஒருவன் 40-ஐப் படித்து 41 என்று எழுதுவதற்குள் அடுத்தவனும் அதே 40-ஐப் படித்திருப்பான். ஒரு கூட்டல் போச்சு. டீபக்கரில் போட்டு நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், கணக்கு சரியாக வந்து தொலைக்கும்! பார்க்கும்போது ஒளிந்துகொள்ளும் இந்தப் பிழைக்கு இயற்பியலாளர் ஹைசன்பர்க் பெயரை ஒட்டி 'ஹைசன்பக்' என்று பெயர்.

விளையாட்டல்ல. 2003 ஆகஸ்ட் 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவிலும் சுமார் 5 கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். மின் கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை மென்பொருள் ஒரே இடத்தில் இருவர் ஒரே நேரத்தில் கைவைக்கும் இதே மாதிரிப் போட்டியில் சிக்கி ஊமையாகிப் போயிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.

சரி, டீபக்கரை எப்படிச் சோதிப்பது? ஜிடிபி-யோடு வரும் 'ஷெட்லாக்' சோதனை எனக்குப் பிடித்தது. ஒவ்வொரு த்ரெட்டும் தனக்கென ஓர் எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். நிறுத்து, ஒன்றை மட்டும் ஓர் அடி நகர்த்து, பிறகு யாருடைய எண்கள் ஏறியிருக்கின்றன என்று பார். மற்ற த்ரெட்களை அசையவிடாமல் பிடிக்கும் பூட்டைப் போடாவிட்டால் அவற்றின் எண்களும் ஏறியிருக்க வேண்டும். பூட்டு போட்டால் ஒன்று மட்டும். இதிலும் ஒரு வம்பு உண்டு: நகரும் த்ரெட்டுக்கு வேண்டிய சாவி நிற்கும் த்ரெட்டின் கையில் இருந்தால் எதுவும் நகராது. டீபக்கர் செத்துவிட்டது என்று புதிதாக வருகிறவர்கள் பதறுவார்கள்.

என் தூக்கத்தைக் கெடுத்தது பிரேக்பாயின்ட். இன்டெல் வகைச் சில்லுகளில், நிறுத்த வேண்டிய இடத்துக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே 'நில்' என்று சொல்லும் பைட் ஒன்றை டீபக்கர் வைக்கும். நின்றவன் மேலே போக, அசல் பைட்டைத் திரும்ப வைக்க வேண்டுமே? அந்தக் கண்ணிமைப்பில் வேறொரு த்ரெட் நிற்காமலே அந்த வழியாகப் போய்விடலாம். வலையின் அடிக்கயிறு மணலைவிட்டு எழும்பினால் மீன் அடியால் போய்விடும், அதுபோல. ஜிடிபி-க்கு இதற்கு ஒரு தந்திரம் தெரியும்: அசல் கட்டளையை வேறோர் இடத்தில் நகலெடுத்து ஓட்டும், 'நில்' பைட் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நாங்கள் செய்த டீபக்கரில் இதைச் சோதிக்க, 10 த்ரெட்களை ஒரே பிரேக்பாயின்ட் வழியாக ஆளுக்கு 100 தடவை போகவிட்டேன். 1,000 தடவை நிற்க வேண்டும். நின்றது. முப்பத்தேழு ஓட்டம் வரை நின்றது. முப்பத்தெட்டாவதில் 999.

அந்த ஒன்றைப் பிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. த்ரெட் சோதனையை ஒரே தடவை ஓட்டிவிட்டு 'தேறியது' என்று எழுதுகிறவர்களை இப்போது நான் நம்புவதில்லை.