எதுவரைக்கும் வந்தது?

“தம்பி, டிவியில வெள்ளை எழுத்தா என்னமோ நிக்குது. பாட்டு வரல. அப்பா குரலும் போச்சா?”

வெள்ளிக்கிழமை மாலை ஈப்போவிலிருந்து அம்மா புலனத்தில் அனுப்பிய குரல் பதிவு இது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் திதி. ஒவ்வோர் ஆண்டும் படையல் போடுவதற்கு முன் அப்பாவின் ஒலிநாடாவைப் போட்டுக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். அவர் தேவாரம் பாடியது, தோட்டத்தில் வளர்ந்த கதையைச் சித்தப்பாவிடம் சொல்லிச் சிரித்தது எல்லாம் அதில் இருக்கும். பழைய கேசட்டுகளை நான்தான் கணினிக்கு மாற்றி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சர்வரில் சேமித்து வைத்திருந்தேன்.

சர்வர் என்றதும் பெரிதாக எண்ண வேண்டாம். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய பழைய மேசைக் கணினிதான் அது. அதில் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பொருத்தி, லினக்ஸ் போட்டிருக்கிறேன். வரவேற்பறைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் ராஸ்பெரி பை 4 என்ற உள்ளங்கை அளவு கணினி இருக்கிறது. அதில் ஓடுவது ‘கோடி’ என்னும் இலவச மென்பொருள். எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தொடங்கப்பட்டு, 2014-இல் இந்தப் பெயருக்கு மாறியது. படம், பாட்டு, குடும்பப் புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே ரிமோட்டில் பார்க்கலாம்.

கார்டு இல்லாத பெட்டி

ராஸ்பெரி பை வழக்கமாக எஸ்டி கார்டிலிருந்துதான் இயங்கத் தொடங்கும். ஈப்போவில் மாலை இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டில் இருக்கும் கோப்புகள் பழுதாகும். இரண்டு கார்டுகள் அப்படிப் போன பிறகு, கார்டே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பெட்டி தனக்கு வேண்டிய எல்லாவற்றையும் கேபிள் வழியாகச் சர்வரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும். இதைத்தான் நெட்வொர்க் பூட் என்கிறார்கள்.

இது புதிய வித்தை அல்ல. வட்டு விலை அதிகமாக இருந்த 1980-களில், வட்டே இல்லாத கணினிகளை அலுவலகங்களில் வைத்து, ஒரே சர்வரிலிருந்து இயக்கினார்கள். கோப்புகளை அனுப்பும் டிஎஃப்டிபி என்ற எளிய முறை 1981-இலேயே எழுத்தில் வந்துவிட்டது. தொலைவில் இருக்கும் வட்டைத் தன் வட்டுபோல் பயன்படுத்த உதவும் என்எஃப்எஸ் முறையை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கியது. என் வயதைவிட மூத்த இந்த இரண்டும்தான் இன்று அம்மாவின் தொலைக்காட்சிக்குப் பாட்டுப் போடுகின்றன.

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் விருந்தாளிக்கு வாசலில் இருப்பவர் ஓர் இருக்கை எண் கொடுக்கிறார். அது ரவுட்டரின் வேலை. சாப்பாடு எந்தப் பக்கம் என்று இன்னொருவர் கைகாட்டுகிறார். அது சர்வரில் ஓடும் டிஎன்எஸ்மாஸ்க் என்ற நிரல். முதலில் தண்ணீரும் இனிப்பும் வருகின்றன, அது டிஎஃப்டிபி. பிறகு முழுச் சாப்பாடு, அது என்எஃப்எஸ். இந்த வரிசையில் ஒருவர் தவறினாலும் விருந்தாளி பசியோடு உட்கார்ந்திருப்பார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, யார் தவறினாலும் காட்சி ஒன்றுதான்: காலி இலை. எங்கள் வீட்டில் அது கறுப்புத் திரை.

படத்தில் இருந்த பதில்

“அம்மா, எல்லாத்தையும் அடைச்சுட்டு மறுபடி போடுங்க.” நான் முதலில் சொன்னது அதுதான். நம்மில் பெரும்பாலோர் சொல்வதும் அதுதானே. பலன் இல்லை. திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, “கேபிள் சரியா சொருகியிருக்கா பாருங்க” என்றேன். சரியாகத்தான் சொருகியிருந்தது. சனிக்கிழமை காலை நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு பெட்டாலிங் ஜெயாவிலிருந்து காரை எடுத்தேன்.

வழியில்தான் புத்தி வந்தது. வானொலி நிலையத்தில் ஒலி நின்றுபோனால் எங்கள் பொறியாளர் எதையும் உடனே அடைத்துத் திறப்பதில்லை. “சத்தம் எதுவரைக்கும் வந்தது?” என்றுதான் கேட்பார். ஒலிவாங்கியில் இருக்கிறதா, மிக்ஸரில் இருக்கிறதா, நிலையத்தைவிட்டு வெளியே போகும் வழியில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். எந்த இடத்தில் மறைகிறதோ அங்கேதான் பழுது. வீட்டுப் பெட்டியிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்.

ஓய்வுப் பகுதியில் நிறுத்தி அம்மா அனுப்பிய படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன். ராஸ்பெரி பை 4, இயங்க முடியாமல் போனால், எதுவரை வந்தது என்பதைத் தானே திரையில் எழுதிக் காட்டும். நெட்வொர்க் வரியில் ‘அப்’ என்று இருந்தது. ஆக, கேபிள் உயிரோடு இருக்கிறது. 192.168.1 என்று தொடங்கும் முகவரி இருந்தது. ஆக, ரவுட்டர் இருக்கை கொடுத்துவிட்டது. அடுத்த டிஎஃப்டிபி வரியில் எல்லாம் சுழியம். கைகாட்ட ஆள் இல்லை!

அதைவிடப் பெரிய துப்பு முகவரியிலேயே இருந்தது. எங்கள் வீட்டு முகவரிகள் எப்போதும் 192.168.0 என்றுதான் தொடங்கும். அம்மாவை அழைத்துக் கேட்டேன்.

“அம்மா, வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?”

“ஆமாப்பா, வெள்ளிக்கிழமை காலையில லைன்காரங்க வந்து புதுப் பெட்டி மாட்டிட்டுப் போனாங்க. வேகமா வரும்னு சொன்னாங்க.”

புது ரவுட்டர், புது எண் வரிசை. சர்வருக்கோ நான் 192.168.0.10 என்று மாறாத முகவரியைக் கையால் எழுதி வைத்திருந்தேன். ஒரே வீடு, ஒரே கேபிள். ஆனால் இருவரும் இப்போது வெவ்வேறு தெருவில் இருக்கிறார்கள். கூப்பிட்டால் கேட்காது.

ஐந்து இடத்தில் ஒரே முகவரி

வீட்டுக்குப் போனதும் சர்வரோடு ஒரு திரையையும் விசைப்பலகையையும் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.10 ஆக மாற்றினேன். அந்த எண்ணை ரவுட்டர் வேறு கருவிக்குக் கொடுத்துவிடாதபடி, அது பங்கிடும் எண்களுக்கு வெளியே இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். முடிந்தது என்று நினைத்தேன். திரை அப்படியே இருந்தது.

இரண்டாவது இடம் டிஎன்எஸ்மாஸ்க். எங்கள் வீட்டில் அது முகவரி கொடுப்பதில்லை. அது ரவுட்டரின் வேலை. இருவர் இருக்கை எண் கொடுத்தால் மண்டபத்தில் சண்டைதான் வரும். “கோப்புகள் என்னிடம் இருக்கின்றன” என்று மட்டும் சொல்லும்படி அதை ‘பிராக்ஸி’ முறையில் வைத்திருக்கிறேன். ஆனால் எந்த எண் வரிசைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அதன் அமைப்பில் எழுதப்பட்டிருக்கும். அங்கே இன்னும் பழைய வரிசை இருந்தது. மாற்றினேன். சர்வரின் பதிவேட்டில் கோப்புகள் ஒவ்வொன்றாகப் போவது தெரிந்தது. சில வரிகளில் ‘கோப்பு இல்லை’ என்றும் வந்தது. அதைக் கண்டு பயப்பட வேண்டாம். பெட்டி, இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்ற சில கோப்புகளையும் கேட்டுப் பார்க்கும்.

திரையில் வானவில் நிறம் வந்து, பிறகு நின்றது. “எதுவரைக்கும் வந்தது?” தண்ணீரும் இனிப்பும் வந்துவிட்டன, சாப்பாடு வரவில்லை. ‘சிஎம்டிலைன்’ என்ற ஒற்றை வரிக் கோப்பில்தான் முழு அமைப்பும் எந்தச் சர்வரில் இருக்கிறது என்று எழுதியிருக்கும். அங்கேயும் பழைய முகவரி. இது மூன்றாவது.

அதை மாற்றியதும் ‘அனுமதி இல்லை’ என்றது. என்எஃப்எஸ் யாருக்குக் கதவைத் திறக்கலாம் என்ற பட்டியல் சர்வரில் ‘எக்ஸ்போர்ட்ஸ்’ என்ற கோப்பில் இருக்கிறது. பழைய தெருவில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று நானே எழுதி வைத்திருந்தேன். இது நான்காவது. பட்டியலைத் திருத்தினால் மட்டும் போதாது, அதை மறுபடி படிக்கும்படி சர்வருக்குச் சொல்லவும் வேண்டும். இது தெரிந்திருந்தும் மறந்ததில் இருபது நிமிடம் போனது.

இரவு பத்தரைக்குக் ‘கோடி’ திரைக்கு வந்தது. அம்மா கைதட்டினார். ‘அப்பா’ என்ற தொகுப்பைத் திறந்தேன். எல்லாப் பெயர்களும் வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டேன். பாடவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“ஃபைல் எல்லாம் பத்திரமா இருக்கும்மா. வழிதான் தப்பு” என்றேன். கோடி பெயர்களை நினைவில் வைத்திருக்கிறது. பாட்டு எங்கே இருக்கிறது என்பதையும் பழைய முகவரியோடுதான் வைத்திருக்கிறது. இது ஐந்தாவது. புதிய முகவரியில் அந்த உறையை மறுபடி சேர்த்தேன். தொட்டேன். சரசரவென்று நாடா ஓடும் சத்தம், பிறகு அப்பா தொண்டையைச் செருமும் ஒலி. அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரே இடத்தில் முடிந்திருக்கும்

திங்கட்கிழமை நிலையத்தில் பொறியாளரிடம் இந்த வீரக்கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஏன்டா அஞ்சு இடத்துல மாத்தின? புது ரவுட்டரைப் பழைய நம்பருக்கு மாத்தியிருந்தா ஒரே இடத்துல முடிஞ்சிருக்குமே” என்றார். உண்மைதான். பல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்தில் உள்வீட்டு முகவரியை மாற்ற இடமுண்டு. எல்லாம் சரியாக இருந்து, ஒன்று மட்டும் புதிதாக மாறியிருந்தால், முதலில் அந்த ஒன்றைப் பழையபடி ஆக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்து, அது ஒருநாள் இருண்டால் இந்த வரிசையில் கேளுங்கள்:

1. அண்மையில் எது மாறியது? புதிய ரவுட்டர், புதிய கேபிள், சர்வர் அப்டேட் எதுவானாலும் அதிலிருந்து தொடங்குங்கள்.

2. கேபிள் முனையில் விளக்கு எரிகிறதா? ராஸ்பெரி பையின் நெட்வொர்க் பூட் வைஃபையில் நடக்காது, கேபிள் கட்டாயம்.

3. பெட்டிக்கு முகவரி கிடைத்ததா? சர்வரின் முகவரியும் அதே வரிசையில் தொடங்குகிறதா?

4. சர்வரின் பதிவேட்டில் கோப்புக் கேட்ட அடையாளம் இருக்கிறதா? கேட்டும் போகவில்லை என்றால் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பாருங்கள். டிஎஃப்டிபி கேட்கும் கதவு எண் 69.

5. பெட்டியையே மாற்றினீர்களா? கோப்புகள் பெட்டியின் வரிசை எண்ணைப் பெயராகக் கொண்ட உறையில் இருந்தால், புதிய பெட்டியின் எண்ணுக்கு அந்தப் பெயரை மாற்ற வேண்டும்.

6. தொடங்கிப் பாதியில் நிற்கிறதா? என்எஃப்எஸ் முகவரியையும் அனுமதிப் பட்டியலையும் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால், எது சரிசெய்தது, எது கெடுத்தது என்று தெரியாது.

அலமாரிக் கதவில் ஒரு தாள்

பழுதைவிட எனக்கு உறைத்தது வேறு. கார்டுகளை நம்பாமல் எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைத்தேன். அந்தச் சர்வரைப் பற்றித் தெரிந்தவன் வீட்டில் நான் ஒருவன்தான். நான் ஒலிபரப்பில் இருந்தாலோ, ஊரில் இல்லாவிட்டாலோ அம்மாவுக்கு அப்பாவின் குரலுக்கு வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை படையல் முடிந்து உறவினர்கள் போன பிறகு இரண்டு வேலை செய்தேன். அப்பாவின் பதிவுகள் அனைத்தையும் ஒரு யூஎஸ்பி விரலியில் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். தொலைக்காட்சியிலேயே நேராகச் சொருகிக் கேட்கலாம். ரவுட்டரும் வேண்டாம், சர்வரும் வேண்டாம். இன்னொரு பிரதி தங்கை வீட்டுக்குப் போனது. பிறகு ஒரு தாளில் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதினார். சர்வரின் முகவரி, அது எழுதப்பட்டிருக்கும் ஐந்து இடங்கள், எந்தப் பெட்டியை முதலில் போட வேண்டும் என்ற வரிசை எல்லாம் அதில் இருக்கின்றன. அந்தத் தாள் இப்போது தொலைக்காட்சி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.

சில வாரம் கழித்து ஒரு மாலை மழையில் ஈப்போவில் மின்சாரம் போய் வந்தது. நான் ஒலிபரப்பில் இருந்தேன். வெளியே வந்து பார்த்தபோது அம்மாவின் குரல் பதிவு இரண்டு இருந்தன.

முதல் பதிவு: “தம்பி, கரண்டு போய் வந்துச்சு. டிவி கறுப்பா இருக்கு.”

இரண்டாவது, பத்து நிமிடம் கழித்து: “தாள்ல எழுதினபடி படிக்கட்டுக்குக் கீழ இருக்கிறதுல விளக்கு நிலையா எரியிற வரைக்கும் இருந்துட்டு, சின்னப் பெட்டியை அடைச்சுப் போட்டேன். வந்துடுச்சு. நீ சாப்பிட்டியா?”

பின்னணியில் அப்பா பாடிக்கொண்டிருந்தார்.