20 வெள்ளி ஹெட்போனிலும் நல்ல ஒலி கேட்கலாம்

கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று இல்லை. அதோடு ஒரு ஹெட்போன் வைத்துக்கொள்ளாத இளைஞரும் இல்லை எனலாம்.

ஈப்போவுக்குத் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் சிம்பாங் பூலாயையே எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் கல்குவாரி லோரிகள். மறுபக்கம் நெடுஞ்சாலை வாகனங்கள். கேமரன் மலைக்கு ஏறும் சாலையும் இங்கேதான் பிரிகிறது. இத்தனை இரைச்சலுக்கு நடுவே, இரவுச் சந்தையில் 20 வெள்ளிக்கு வாங்கிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்கும் பையன் என்ன செய்வான்? தவில் ஒலி எடுபடவில்லையே என்று ஒலியைக் கூட்டுவான். பிறகு இன்னும் கூட்டுவான். பாட்டின் குறை தீராது, காதுக்குத்தான் கேடு.

அப்படியானால் விலையுயர்ந்த ஹெட்போன் வாங்குவதுதான் வழியா? அவசியமில்லை. வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய குறைகள் பல உண்டு. இது புதிய பழக்கமும் அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் செய்த ஹெட்போன்களை 1910-இல் அமெரிக்கக் கடற்படை வாங்கியது. இன்றும் ஃபோஸ்டெக்ஸ் டி50ஆர்பி போன்ற ஹெட்போன்களைத் திறந்து, களிமண்ணும் பஞ்சும் வைத்து ஒலியைத் திருத்தும் ஆர்வலர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

முதலில் மெத்தையைப் பாருங்கள்

ஹெட்போனுக்குள் ஒரு மெல்லிய சவ்வு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. சவ்வுக்கும் காதுக்கும் இடையே உள்ள காற்று வெளியே கசியாமல் இருந்தால்தான் தவில், மிருதங்கம் போன்றவற்றின் தாழ்ந்த ஒலி முழுமையாகக் கேட்கும். மெத்தையின் தோல் உரிந்திருந்தாலோ, மூக்குக் கண்ணாடியின் காம்பும் பெரிய தோடும் இடையில் புகுந்தாலோ அந்த ஒலி கசிந்துவிடும்.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. பாட்டு ஓடும்போது இரண்டு கிண்ணங்களையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். தவில் கனமாகக் கேட்டால் குறை கசிவில்தான் இருக்கிறது. உரிந்த மெத்தையைக் கழற்றிவிட்டு, அதே அளவுள்ள புதிய மெத்தையைப் பொருத்துங்கள். பலருக்கு இதுவே போதும்.

கிண்ணத்தின் உள்ளே

அடுத்து, பிளாஸ்டிக் கிண்ணத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். வெற்று டப்பாவைப் போல் ஒலிக்கிறதா? பாட்டு ஓடும்போது அந்தக் கிண்ணமும் சேர்ந்து அதிர்ந்து ஒலியைக் குழப்பும். கம்பியுள்ள ஹெட்போனாக இருந்தால், தொலைபேசியிலிருந்து கழற்றிய பிறகு திறக்கலாம். திருகாணிகள் பெரும்பாலும் மெத்தைக்கு அடியில் இருக்கும். பசை போட்டு ஒட்டப்பட்டிருந்தால் நெம்ப வேண்டாம்.

பிள்ளைகள் விளையாடும் பிளாஸ்டிசின் களிமண்ணில் ஒரு சிறு துண்டை மெல்லிய அடையாகத் தட்டி, கிண்ணத்தின் உட்சுவரில் ஒட்டுங்கள். அதிர்வு அடங்கும். உள்ளே எதிரொலிப்பதைக் குறைக்க, ஒரு சிட்டிகைப் பஞ்சைப் பிய்த்துப் பரப்புங்கள். அடைத்துத் திணித்தால் பயன் கெடும். பாடகரின் ‘ச’, ‘ஷ’ காதைக் குத்தினால், சவ்வைக் காக்கும் வலைமூடியின் மேல் ஒற்றை அடுக்கு டிஷ்யூ காகிதத்தை வைத்துப் பாருங்கள்.

சவ்வை மட்டும் விரலால் தொடக்கூடாது. அதில் உள்ள கம்பி தலைமுடியைப் போல் மெல்லியது. பின்புறத்தில் காற்றுப் போக விட்டிருக்கும் சிறு துளைகளையும் அடைக்க வேண்டாம். காந்தம் இரும்புக் கருவிகளை இழுக்கும் என்பதால் பல்குத்தும் குச்சியே பாதுகாப்பானது. கம்பியில்லா ஹெட்போனைத் திறக்கவே வேண்டாம். அதனுள் இருக்கும் லித்தியம் பேட்டரி குத்துப்பட்டால் தீப்பிடிக்கலாம். எந்த ஹெட்போனையும் திறந்தால் கடைக்காரர் தந்த உத்தரவாதம் போய்விடக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காது ஏமாறும்

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்கட்டும். நன்கு பழகிய ஒரு பாட்டையே கேட்டு ஒப்பிடுங்கள். நடுவில் ஒலிக்க வேண்டிய பாடகரின் குரல் ஒரு பக்கம் சாய்ந்தால், ஏதோ ஒரு கிண்ணத்தில் அளவு மிஞ்சிவிட்டது. இன்னொன்றும் உண்டு: சற்று உரக்க ஒலிப்பதையே நல்ல ஒலி என்று நம் காது நம்பிவிடும். ஆகவே ஒரே ஒலி அளவில் ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

எதற்காக இவ்வளவு பாடு?

தாழ்ந்த ஒலி சரியாகக் கேட்டால், வெளி இரைச்சலும் குறைந்தால், ஒலியைக் கூட்ட வேண்டிய தேவை குறையும். உண்மையான லாபம் அதுதான். பெரியவர்களுக்கு 80 டெசிபல் ஒலி என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று உலகச் சுகாதார நிறுவனம் எல்லை வகுத்துள்ளது. 90 டெசிபலுக்கு ஏறினால் 4 மணி நேரம்தான். உலகில் 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர் இந்த ஆபத்தின் விளிம்பில் இருப்பதாகவும் அது எச்சரிக்கிறது.

நம் நாட்டில் வேலையிடங்களுக்கு 2019-ஆம் ஆண்டின் இரைச்சல் விதிமுறைகள் நாள் ஒன்றுக்குச் சராசரியாக 85 டெசிபல் என்று எல்லை கட்டியுள்ளன. வீட்டு அறைக்குள் பாட்டுக் கேட்கும் பிள்ளைக்கு அப்படி மேற்பார்வையாளர் யார்? பெற்றோர்தான். குவாரியில் வேலை செய்பவர்கள் பாட்டுக் கேட்கும் ஹெட்போனைக் காதுக் கவசமாக எண்ணிவிடக்கூடாது. மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் அதைக் கழற்றிவிட வேண்டும்.

உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர் அணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. ஹெட்போன் கெட்டால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இன்று மாலை பிள்ளையின் ஹெட்போனை வாங்கி, அதன் மெத்தை உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். அவன் எவ்வளவு ஒலியில் கேட்கிறான் என்பதையும் ஒருமுறை நீங்களே மாட்டிக் கேட்டுப் பாருங்கள்.