அப்டேட் போட்டதும் அடம் பிடிக்கும் கம்ப்யூட்டர்: பாஸ்வேர்டு சரியா போட்டும் திரும்பத் திரும்ப கேட்பது ஏன்?

வண்டலூர்:

நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு. ராத்திரி அப்டேட்னு ஏதோ ஓடிச்சு. காலையில மெயிலைத் திறந்தா பாஸ்வேர்டு கேக்குது. போட்டா, மறுபடியும் கேக்குது. இந்தப் புலம்பலைக் கேட்காத ஜெராக்ஸ் கடையோ, இ-சேவை மையமோ வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் இருக்காது.

மெயில்தானே என்று விட்டுவிட முடியாது. இன்டர்வியூ கடிதம், பி.எப். கணக்கு, ரெயில் டிக்கெட், பிள்ளையின் கல்லூரி விண்ணப்பம் எல்லாம் அதற்குள்தான் கிடக்கிறது. கடைசி தேதி அன்றைக்கு இப்படி மக்கர் செய்தால் வயிறு கலங்கத்தான் செய்யும்.

இது இன்று நேற்று வந்த வியாதி அல்ல. 1995 ஆகஸ்ட் 15-ந்தேதி வி.எஸ்.என்.எல். நிறுவனம் சென்னை உள்பட பெருநகரங்களில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் கொடுக்க ஆரம்பித்த காலத்திலேயே உண்டு. போன் லைனை மோடத்தில் சொருகி, 'கீ... கர்ர்ர்' என்று அது கத்தி முடிக்கும் வரை காத்திருந்த டயல்-அப் காலம் அது. பின்னாடி பி.எஸ்.என்.எல்.லின் சஞ்சார்நெட் வந்தது. அப்போதும் இதே கதைதான். 'சேவ் பாஸ்வேர்டு' கட்டத்தில் டிக் அடித்திருப்போம். அடுத்த நாள் பார்த்தால் டிக் காணாமல் போயிருக்கும்.

காரணம் ரொம்ப சின்னது. விண்டோஸ் 98-ல் கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே ஒரு பாஸ்வேர்டு கட்டம் வரும். நம்மாளுங்க அதை 'கேன்சல்' அடித்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். டயல்-அப் பாஸ்வேர்டைப் பூட்டி வைக்கும் பெட்டிக்கு அந்த முதல் பாஸ்வேர்டுதான் சாவி. சாவி போடாமல் உள்ளே வந்தால் பெட்டி எப்படித் திறக்கும்? அதனால்தான் தினமும் புதிதாகக் கேட்டது. விண்டோஸ் எக்ஸ்.பி. வந்த பிறகு, பெட்டியே கெட்டுப்போய் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் பாஸ்வேர்டை மறந்துபோன கூத்தும் நடந்தது.

இன்னொரு குழப்பமும் அன்றைக்கே உண்டு. வண்டலூர் பூங்காவுக்குப் போனால் வாசலில் ஒரு டிக்கெட் எடுக்கிறோம். உள்ளே சபாரி வண்டியில் ஏற வேண்டுமென்றால் அதற்குத் தனி டிக்கெட். இன்டர்நெட்டும் அப்படித்தான். லைன் கிடைக்க ஒரு பாஸ்வேர்டு, மெயில் திறக்க வேறு பாஸ்வேர்டு. வாசல் டிக்கெட்டை சபாரியில் நீட்டினால் திருப்பித்தான் அனுப்புவார்கள். எனவே கேட்பது யார் என்று முதலில் அந்தக் கட்டத்தின் தலைப்பைப் படியுங்கள். பாதிப் பேர் அதைப் படிப்பதே இல்லை.

டயல்-அப் இப்போது கிட்டத்தட்ட ஒழிந்தே போச்சு. அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனமே 2025 செப்டம்பர் 30-ந்தேதியோடு அந்த சேவைக்கு மூடுவிழா நடத்திவிட்டது. ஆனால் அதன் ஆவி நம்ம ஊர் பழைய கம்ப்யூட்டர்களில் இன்னும் சுற்றுகிறது. முன்பு பிராட்பேண்டுக்காக வைத்த 'கனெக்ஷன்' ஐகான் அப்படியே கிடக்கும். இப்போது ரவுட்டரே லைன் பிடித்துக்கொள்கிறது. இருந்தாலும் அந்த ஐகான் திடீரென்று எழுந்து பாஸ்வேர்டு கேட்கும். கன்ட்ரோல் பேனலில் 'இன்டர்நெட் ஆப்ஷன்ஸ்' போய், 'கனெக்ஷன்ஸ்' பக்கத்தில் 'நெவர் டயல்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் வாயை மூடிக்கொள்ளும்.

சரி, மெயில் விஷயத்துக்கு வருவோம்.

பத்து தடவை பாஸ்வேர்டு அடித்துப் பார்க்காதீங்க. தப்பாக அடித்துக்கொண்டே இருந்தால் கணக்கே கொஞ்ச நேரம் பூட்டிக்கொள்ளும். முதலில் பிரவுசரில் போய் அதே மெயிலைத் திறந்து பாருங்கள். அங்கே திறக்கிறதா? அப்படியென்றால் பாஸ்வேர்டு சரி, கோளாறு உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள மெயில் சாப்ட்வேரில்தான். அங்கேயும் திறக்கவில்லையா? பாஸ்வேர்டை நோட்பேடில் ஒருமுறை அடித்துக் கண்ணால் பாருங்கள், பார்த்ததும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். கேப்ஸ் லாக் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் அப்டேட்டுக்குப் பிறகு கீபோர்டு மொழி மாறியிருக்கும். பிரிட்டிஷ் கீபோர்டு ஆகிவிட்டால், 2-க்கு மேல் இருக்கிற 'அட்' குறியை அடித்தால் மேற்கோள் குறி விழும். பாஸ்வேர்டு கட்டத்தில் எல்லாம் புள்ளியாகத் தெரிவதால் யாருக்கும் விளங்காது.

பிரவுசரில் திறக்கிறது, சாப்ட்வேரில் மட்டும் திறக்கவில்லை என்றால் இரண்டு காரணங்களை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

ஒன்று, விண்டோஸ் அப்டேட்டே சேமித்த பாஸ்வேர்டைக் கெடுத்திருக்கலாம். கற்பனை அல்ல, நடந்த கதை. 2020-ல் வந்த விண்டோஸ் 10-ன் 2004 பதிப்பைப் போட்டவர்கள் பலருக்கு அவுட்லுக், பிரவுசர் என்று எல்லாமே பாஸ்வேர்டை மறந்தன. பின்னணியில் தானாக ஓடும் சில வேலைகளால், பூட்டின சாவியே கெட்டுப்போகிறது என்று கண்டுபிடித்து, 2021-ல் மைக்ரோசாப்ட் சரி செய்தது. இந்த மாதிரி நேரத்தில் கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' திறந்து, அந்த மெயிலின் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாகப் போட்டால் பெரும்பாலும் சரியாகும்.

இரண்டாவது, மெயில் கம்பெனிக்காரன் சட்டத்தை மாற்றியிருப்பான். 2022 மே 30-ந்தேதி முதல் ஜிமெயில், வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய சாப்ட்வேர்களை உள்ளே விடுவதை நிறுத்தியது. 2024 செப்டம்பர் 16-ந்தேதி அவுட்லுக் டாட் காம் கணக்குகளுக்கும் அதே கதிதான். இங்கே நீங்கள் என்னதான் சரியாக அடித்தாலும் திரும்பக் கேட்கும். ஏனென்றால் குற்றம் பாஸ்வேர்டில் இல்லை. கணக்கை நீக்கிவிட்டு புது பதிப்பு சாப்ட்வேரில் சேர்த்தால், கூகுள் பக்கமே திறந்து அனுமதி கேட்கும். பழைய சாப்ட்வேர்தான் வேண்டும் என்றால், ஜிமெயிலில் இரண்டு கட்ட சரிபார்ப்பை ஆன் செய்து, 16 எழுத்து கொண்ட 'ஆப் பாஸ்வேர்டு' எடுத்து அதைப் போட வேண்டும். இதில் ஒரு கொக்கி. கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டு செத்துவிடும், புதிதாக எடுக்க வேண்டும்.

பழைய கடை கம்ப்யூட்டர் என்றால் தேதியையும் ஒரு பார்வை பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துபோனால் தேதி பல வருஷம் பின்னுக்குப் போய்விடும். தேதி தப்பானால் பாதுகாப்பான இணைப்பு எதுவும் ஒழுங்காக நடக்காது. சின்ன பேட்டரிக்காக ஓ.எஸ்.சையே மாற்றிப் போட்டவர்கள் உண்டு.

இந்தப் பதற்றத்தில் கைவரிசை காட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறது. கூகுளில் 'கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைத்த நம்பருக்குப் போன் போட்டு, அவன் சொன்ன ஆப்பை இறக்கி, ஓ.டி.பி.யையும் சொல்லிவிட்டால் பேங்க் கணக்கு காலி. இலவச ஜிமெயில் பாஸ்வேர்டை மீட்டுத் தர கூகுளுக்குப் போன் நம்பரே கிடையாது. அப்படி ஒருத்தன் பேசினால் அவன் திருடன். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

கடையில் மெயில் பார்த்துவிட்டு வெளியேற மறந்துட்டீங்களா? திரும்ப ஓட வேண்டாம். செல்போனில் கூகுள் அக்கவுன்ட், 'செக்யூரிட்டி' பகுதி, அதில் 'யுவர் டிவைசஸ்'. தெரியாத கம்ப்யூட்டரைத் தட்டி 'சைன் அவுட்' கொடுத்தால் போதும்.

அதே 'செக்யூரிட்டி' பகுதியில் மீட்பு போன் நம்பர் எது என்றும் பாருங்கள். பலருக்கு எப்போதோ தூக்கிப்போட்ட சிம் நம்பர்தான் இருக்கும். முடக்கப்பட்ட நம்பரை குறைந்தது 90 நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம் என்பது விதி. அப்புறம் உங்கள் மெயிலுக்கு வரும் ஓ.டி.பி., முகம் தெரியாத யாரோ ஒருத்தர் போனில் மணி அடிக்கும். இப்போதே மாற்றிவிடுங்கள், இரண்டு நிமிஷ வேலைதான்.