செய்தவரை மறைக்கும் விகுதி

துருக்கியில் அந்நியர் நுழையக் கூடாத கதவுகளில் ‘கிரில்மெஸ்’ என்ற ஒரே சொல் எழுதியிருக்கும். ‘கிர்’ என்றால் நுழை. ‘இல்’ செயப்பாட்டுவினை விகுதி. ‘மெஸ்’ எதிர்மறை. சேர்த்தால் ‘நுழையப்படாது’. உத்தரவிடுபவரும் இல்லை, உத்தரவு யாருக்கு என்பதும் இல்லை. ஆனாலும் கதவருகே வருபவர் நின்றுவிடுவார்.

துருக்கி மொழியின் அடிப்படை வாக்கியம் தமிழருக்குப் புதிதல்ல. எழுவாய், செயப்படுபொருள், கடைசியில் வினை. ‘அலி மெக்துபு யாஸ்து’ என்றால் ‘அலி கடிதத்தை எழுதினான்’. இதைச் செயப்பாட்டுவினையாக்கினால் அலி மறைவான். ‘மெக்துபு’ வேற்றுமை உருபை உதிர்த்து ‘மெக்துப்’ என்ற எழுவாயாகும். வினைக்குள் ஒரு விகுதி நுழையும்: ‘மெக்துப் யாஸுல்து’, கடிதம் எழுதப்பட்டது. நாம் ‘படு’ என்ற துணைவினையைக் கூட்டுகிறோம். அவர்களுக்கு ஓர் உயிரும் ஒரு மெய்யுமே போதும்.

அந்த உயிரும் நிலையானதல்ல, முன்னிருக்கும் உயிருக்கு இசைந்து மாறும். ‘செவ்’ (நேசி) ‘செவில்’ ஆகும். ‘துத்’ (பிடி) ‘துதுல்’ ஆகும். ‘யாஸுல்’ என்பதில் வருவது நம் குற்றியலுகரத்தைப் போல இதழ் குவியாமல் ஒலிக்கும். 1928இல் லத்தீன் எழுத்துக்கு மாறியபோது இவ்வொலிக்குப் புள்ளியில்லாத ஒரு தனி எழுத்தை ஒதுக்கினார்கள்.

வினைப்பகுதி உயிரிலோ லகரத்திலோ முடிந்தால் லகர விகுதிக்குப் பதில் னகரம் வரும். ‘ஒகு’ (படி) ‘ஒகுன்’ ஆகும். ‘பில்’ (அறி) ‘பிலின்’ ஆகும். தற்சுட்டு விகுதியும் இதே னகரம்தான். ஆகவே ‘யிகாந்து’ என்பது காரைப் பற்றியதென்றால் ‘கழுவப்பட்டது’. குழந்தையைப் பற்றியதென்றால் தானே குளித்ததா, யாரேனும் குளிப்பாட்டினார்களா என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும்.

வியப்பு இனிமேல்தான். நுழைதலுக்குச் செயப்படுபொருள் கிடையாது. பிறகு எதை எழுவாயாக்குவது? எதையும் இல்லை. துருக்கி மொழி எழுவாயே இல்லாமல் செயப்பாட்டுவினை அமைக்கும். இஸ்தான்புல்லின் தக்ஸிம் சதுக்கத்துக்கு ‘தக்ஸிமே நாஸுல் கிதிலிர்?’ என்று வழி கேட்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘தக்ஸிமுக்கு எப்படிப் போகப்படும்?’. நாம் ‘எப்படிப் போகலாம்?’ என்போம். நம் பேச்சிலும் ‘உள்ளே வரப்படாது’ என்ற விலக்கு உண்டு. ஆனால் ‘வரப்படும்’ என்று யாரும் சொல்வதில்லை.

எல்லா வினைகளும் இதற்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. 1978இல் மொழியியலாளர் டேவிட் பெர்ல்மட்டர் டச்சு மொழியின் இத்தகைய வாக்கியங்களை ஆராய்ந்து, செயப்படுபொருள் குன்றிய வினைகளை இரண்டாகப் பிரித்தார். ஓடுதல், நாமே செய்வது. விழுதல், நமக்கு நேர்வது. துருக்கியிலும் அந்தக் கோடு தெரிகிறது. ‘நேற்று ஓடப்பட்டது’ என்பது இயல்பு. ‘நேற்று விழப்பட்டது’ காதில் இடறும். அதையே வழக்கத்தைச் சொல்லும் காலத்தில் அமைத்து, ‘இந்தப் பாதையில் விழப்படும்’ என்றால் ஏற்பார்கள்.

அப்போதும் விழுபவர் மனிதரே. இலையையோ கல்லையோ அந்த வாக்கியம் குறிக்காது. யார் என்று சொல்ல மறுக்கும் அந்த விகுதி, ஆள் ஒருவர் உண்டு என்பதை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.