சேமிப்புக்கலங்களின் அகத்தடையும் குறுஞ்சுற்றோட்டமும்

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை ஊர்களுள் செட்டிபாளையமும் ஒன்று. வாவிக்கு மறுபுறமுள்ள படுவான்கரையில், போர்க்காலம் முழுவதும் மின்கம்பி எட்டாத கிராமங்கள் பல இருந்தன. அத்தகைய இடங்களில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் துணைநின்றது மோட்டார் வண்டிப் பற்றறியே. பழைய பற்றறியை விலைக்கு வாங்கி, மின்வசதியுள்ள இடத்துக்குச் சுமந்து சென்று மின்னேற்றி வருவது எளிய குடும்பமொன்றுக்குச் சிறிய செலவன்று.

அவ்வாறு வாங்குபவரை ஏமாற்றுவது பெரும்பாலும் விற்பவர் அல்லர், வோல்ற்றுமானியே. ஓட்டம் பாயாதபோது நல்ல பற்றறியும் நலிந்த பற்றறியும் ஒருங்கே 12.6 வோல்ற்றுக் காட்டலாம். கலத்தின் தகடுகளும் அமிலமும் தாமே ஒரு தடையாகும், இதுவே அகத்தடை. ஓட்டம் பாயும்போதுதான் அது அழுத்தத்தின் ஒரு பகுதியை உள்ளேயே விழுங்குகிறது.

வண்டியின் 60 வாற்று முகவிளக்கொன்றை இணைத்துப் பார்ப்போம். நல்ல பற்றறி ஏறத்தாழ 5 அம்பியர் வழங்கி 12.5 வோல்ற்றில் நிற்கும். இழந்த 0.1 வோல்ற்றை 5 ஆல் வகுத்தால் அகத்தடை 0.02 ஓம். நலிந்தது 4.5 அம்பியருக்கே 10.8 வோல்ற்றுக்கு இறங்குமாயின், அதன் அகத்தடை 0.4 ஓம், இருபது மடங்கு. மின்னிறங்கிய நிலையில் நெடுநாள் கிடக்கும் பற்றறியின் தகடுகளில் ஈயச் சல்பேற்று கடினப் பளிங்குகளாகப் படிவதே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

12.6 ஐ அகத்தடையால் வகுத்தால் குறுஞ்சுற்றோட்டம் கிடைக்கும்: நல்லதற்கு 630 அம்பியர், நலிந்ததற்கு 32. வெப்பநிலை, மின்னேற்றம் ஆகியவற்றோடு அகத்தடையும் மாறுவதால் இது மதிப்பீடே. ஆயினும் நல்ல பற்றறியே ஆபத்தானது என்பது தெளிவு. இரு முனைகளுக்கும் குறுக்கே விழும் திருகுசாவி நொடியில் பழுக்கும். மின்னேற்றும்போது வெளியாகும் ஐதரசன் அருகிலிருந்தால் பொறியொன்றே வெடிப்புக்குப் போதும்.

உலர்கலத்தின் முனைகளில் அம்பியர்மானியை நேரே வைத்துச் சோதிக்கும் பழைய பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. உலர்கலத்தின் அகத்தடை பெரிது, மானி பிழைத்துவிடும். மீள மின்னேற்றத்தக்க சிறு நிக்கல் கலமோ, 1.2 வோல்ற்றே கொண்டிருந்தும், 0.03 ஓம் அகத்தடையில் 40 அம்பியரை நெருங்கும். மானியின் உருகி போகும். உருகி இல்லையேல் மானியே போகும்.

ஆகவே குறுஞ்சுற்றோட்டத்தை அளக்க முற்படாது கணித்தலே முறை. அதற்கு மேற்சொன்ன முகவிளக்கும் ஒரு வோல்ற்றுமானியும் போதும். முழுதாக மின்னேற்றிச் சில மணிநேரம் ஆறவிட்ட பின்னரும், விளக்கெரிகையில் அழுத்தம் 12 வோல்ற்றுக்குக் கீழே சரியுமாயின், அந்தப் பற்றறிக்கு விலை பேசவேண்டியதில்லை.